வீட்டு சர்வருக்கு டேப் பேக்கப் தேவையா?

பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, நான்கைந்து ஹார்ட் டிஸ்க்குகளைப் பொருத்தி, குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் அதிலேயே சேர்த்து வைப்பவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்னும் ஒரு படி போய், நிறுவனங்கள் கழித்துவிட்ட எல்டிஓ டேப் டிரைவை வாங்கி காந்த நாடாவில் பேக்கப் எடுக்கிறார்கள். மெச்சத்தக்க அக்கறை இது. ஆனால் டேப்பின் மேன்மை என்று அவர்கள் சொல்லும் காரணங்களில் பலவும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

நிற்கிற காரணம் ஒன்று உண்டு. பல டிஸ்க்குகளை ஒன்றாகப் பிணைக்கும் ரெய்டு அமைப்பு, டிஸ்க் ஒன்று பழுதானால் காப்பாற்றும். நீங்களே ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். டிரைவிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்த கார்ட்ரிட்ஜை எந்தக் கட்டளையும் எட்டாது, ரான்சம்வேரும் தொடாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்கள் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, பல இடங்களில் இருந்த பிரதிகளையும் அந்தப் பிழை பாதித்திருந்தது. கூகுள் அவற்றை மீட்டது டேப்பிலிருந்துதான்.

மற்றபடி, மலிவு என்ற வாதம் பாதி உண்மை. கார்ட்ரிட்ஜ் மலிவு, டிரைவ் அப்படியல்ல. எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜின் உறையில் 6.25 டெராபைட் என்று போட்டிருக்கும்; அது தரவு சுருங்கும் என்று வைத்துப் போட்ட கணக்கு. ஜேபெக் படங்களும் வீடியோக்களும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஆகவே வீட்டுக்காரருக்குக் கிடைப்பது 2.5 டெராபைட்தான்.

ஆயுள் பற்றிய வாதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. நாடா 30 ஆண்டு தாங்கும் என்கிறார்கள். தாங்கட்டும், படிக்க டிரைவ் வேண்டாமா? எல்டிஓ-7 வரை ஒவ்வொரு டிரைவும் முந்தைய இரண்டு தலைமுறை நாடாக்களைப் படித்தது. 2017-இல் வந்த எல்டிஓ-8 ஒரு தலைமுறையோடு நிறுத்திக்கொண்டது. 2012-இல் அறிமுகமான எல்டிஓ-6 நாடாவை, ஐந்தே ஆண்டில் வந்த புதிய டிரைவால் படிக்க முடியவில்லை. ஏற்கெனவே உழைத்துத் தேய்ந்த ஒற்றை டிரைவை நம்பி இருப்பவருக்கு, அது நின்றுபோகும் நாளில் நாடா நலமாக இருந்தும் பயனில்லை. சேமிப்புச் சூழலும் சிக்கல்தான்: நெடுநாள் வைக்க 16 முதல் 25 டிகிரி வெப்பமும், 50 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் வேண்டும். கடலோரச் சென்னையில் சாதாரண பீரோவுக்குள் அது அமையாது. பழைய கேசட்டில் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

வேகத்தின் கதை வேறு. எல்டிஓ-5 நாடாவின் நீளம் 846 மீட்டர். அது முழுதும் நிரம்ப 80 முறை முனைக்கு முனை ஓட வேண்டும். விநாடிக்கு 140 மெகாபைட் வீதம் தடையில்லாமல் ஊட்டினால் மூன்று மணி நேரத்தில் முடியும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஹார்ட் டிஸ்க் தேடித் தேடிக் கொடுக்கும்போது அந்த வேகம் வராது. ஓரளவுக்கு டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் கீழே போனால் நாடாவை நிறுத்தி, பின்னால் சுற்றி, விட்ட இடத்தைப் பிடித்து மறுபடி எழுதும். ஓடுவதும் நிற்பதும் சுற்றுவதுமாக அந்தச் சத்தம் விடாமல் கேட்கும்; நாடாவும் ஹெட்டும் தேயும். எல்லாவற்றையும் முதலில் எஸ்எஸ்டியில் பெரிய டார் கோப்புகளாகக் கட்டிவிட்டு எழுதினால் இதைத் தவிர்க்கலாம்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை, எழுதியதை மீட்டுப் பார்க்காதது. 1998-இல் 'டாய் ஸ்டோரி 2' படக் கோப்புகள் தவறான கட்டளையால் அழிந்தபோது, பிக்ஸாரின் பேக்கப் சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. படத்தைக் காப்பாற்றியது, தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூஸ்மன் வீட்டுக் கணினியில் இருந்த பிரதி.

நான்கைந்து டெராபைட் வைத்திருக்கும் குடும்பத்துக்கு டேப் வேண்டாம் என்பேன். இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க்குகளை மாற்றி மாற்றி எழுதி, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்தாலே, சர்வரிலிருந்து துண்டித்து வைப்பதன் பலன் கிடைத்துவிடும். பல பத்து டெராபைட் காணொளி சேர்ப்பவர்கள் டேப்புக்குப் போகலாம். அவர்கள் அதே தலைமுறையில் இன்னொரு டிரைவும் வாங்கி வைக்கட்டும். எந்த நாடாவில் எது இருக்கிறது என்ற பட்டியலைத் தாளில் அச்சிட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு ஃபோல்டரை அந்த இரண்டாவது டிரைவில் மீட்டுத் திறந்து பார்க்கட்டும்.