நோவும் நடிப்பும்: மிக் ஃபோலியின் மல்லரங்க வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

பிரெஞ்சுத் திறனாய்வாளர் றோலன் பார்த், 1957இல் வெளிவந்த ‘மிதொலொஜீஸ்’ என்னும் நூலில், தொழில்முறை மல்யுத்தத்தை விளையாட்டாகவன்றி ஒருவகை அரங்க நிகழ்வாகவே நோக்கினார். வெற்றி தோல்வி முன்னரே தீர்மானிக்கப்பட்டதா என்னும் வினா அதன் பார்வையாளருக்குப் பொருட்டன்று. துன்பம், வஞ்சகம், நீதி ஆகியன கண்கூடான குறிகளாகக் களத்தில் தோன்றுவதையே அவர்கள் நாடுகின்றனர் என்பது அவர் கருத்து. மல்லன் நோவைக் காட்டினாற் போதும். அந்நோவு மெய்யாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. இக்கருத்து பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆயின் அமெரிக்க மல்லர் மிக் ஃபோலியின் வாழ்வை நோக்குமிடத்து இதன் போதாமை புலனாகின்றது. (ஆய்த எழுத்தை விடுத்து எழுதின் இவர் பெயர் ‘போலி’ என்றாகிவிடும். அதைவிட இவருக்குப் பொருந்தாத பெயர் வேறில்லை.)

1965இற் பிறந்து நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்டில் வளர்ந்த ஃபோலி, பல்கலைக்கழக மாணவராயிருந்த காலத்திலேயே மல்யுத்தம் பயின்றவர். காக்டஸ் ஜாக், மான்கைன்ட், டியூட் லவ் என்னும் மூன்று பாத்திரங்களை ஏற்றார். கட்டழகான உடல் அவருக்கு வாய்க்கவில்லை; வாய்த்தது விழுவதற்கான துணிவு. 1994 மார்ச்சில், மியூனிக் நகரில், களத்துக் கயிறுகளிடையே தலை சிக்குண்டு வலது காதின் பெரும்பகுதியை இழந்தார். 1998 யூன் 28இல், பிற்ஸ்பேர்க் நகரில், ஏறத்தாழ 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து வர்ணனையாளர் மேசைமீது எறியப்பட்டார். எழுந்து மீண்டும் ஏறினார். இம்முறை கூண்டின் கூரை பெயர்ந்து களத்தினுள் வீழ்ந்தார். முதல் வீழ்ச்சி முன்னரே பேசிவைக்கப்பட்டது. இரண்டாவது எவரும் திட்டமிடாதது.

இரசிகர் பலர் இதனையே அவரது சாதனையின் உச்சமெனப் போற்றுவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறி அங்கே அழிந்துபோகின்றது. மனிதனொருவன் உயிரோடிருக்கின்றானா என்னும் அச்சமே எஞ்சுகின்றது. அந்தக் கணத்தில் நாடகம் நின்றுவிடுகின்றது.

இத்தகைய வீழ்ச்சிகளைத் தனிமனிதரின் விசித்திரச் சுபாவங்கொண்டு விளக்குவதும் போதாது. 1989இல் வின்ஸ் மக்மானின் நிறுவனம், தாம் நடத்துவது போட்டியன்று, கேளிக்கையே என நியூ ஜேர்சி மாநிலத்தில் ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணைக்குழுவின் மேற்பார்வையிலிருந்தும் வரியிலிருந்தும் விடுபடுதலே அதன் நோக்கம். மல்லர்களோ ஊழியராகவன்றிச் சுயாதீன ஒப்பந்தக்காரராகவே கொள்ளப்பட்டனர். 1995 முதல் 2001 வரை இரு பெரும் நிறுவனங்கள் திங்கள் இரவுத் தொலைக்காட்சியில் ஒன்றையொன்று வீழ்த்த முனைந்து நின்றன. அந்தச் சந்தைப் போட்டியில் மலிவாகக் கிடைத்த மூலப்பொருள் மல்லனின் உடலே.

ஃபோலி இதனை உணராதவரல்லர். 1995இல் அவர் ஈ.சி.டபிள்யூ. என்னும் சிறு நிறுவனத்தில் இருந்தார். குருதி சிந்தும் மோதல்களுக்குப் பேர்போன நிறுவனம் அது. அங்கு பார்வையாளரொருவர், ஃபோலியின் சின்னஞ்சிறு மகனைப் பிரம்பால் அடிக்குமாறு கோரும் அட்டையொன்றை உயர்த்திப் பிடித்தார். அதனையே பொருளாக்கி, ஒளிப்படக்கருவியின் முன் ஃபோலி ஆற்றிய தனிமொழி, தம்மை வாழவைக்கும் கூட்டத்தையே குற்றக்கூண்டில் ஏற்றியது. பின்னர் களத்திலே, இரசிகர் குருதி வேண்டி ஆர்ப்பரிக்கையில், அவர் சாதாரண தலைப்பிடியொன்றைப் போட்டுக்கொண்டு கிடந்தார். கொடுக்க மறுத்தலே இங்கு நடிப்பாயிற்று. நோவைக் காட்டாமலே நோவின் விலையைக் காட்டிய இப்பகுதிதான் அவரது ஆக்கங்களுட் சிறந்தது என்பேன். இவை அனைத்தும் தீயவன் பாத்திரத்துக்குரிய பேச்சும் செயலுமாகவே அமைக்கப்பட்டிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. உண்மை சொல்பவன் அவ்வரங்கில் வில்லனாகவே நிற்கவேண்டியிருந்தது.

ஆயினும் அவர் அம்மறுப்பில் நிலைக்கவில்லை. 1999 சனவரி 24இல், அனாஹைம் நகரில், ‘த றொக்’ எனப்படும் டுவெயின் ஜோன்சனுடன் மோதினார். ‘விட்டுவிடுகிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்பவரே தோற்றவர் என்பது விதி. கைகள் பின்புறம் விலங்கிடப்பட்ட நிலையில், உலோக நாற்காலியால் பத்துத் தடவைக்கு மேல் தலையில் அடிபட்டார். இறுதியில் அரங்கிற் கேட்ட தோல்விச் சொல், முன்னர் பதிவுசெய்யப்பட்ட அவரது குரல். சொல் போலி, அடிகள் மெய். பார்த் வகுத்த முறை இங்கு முற்றாகத் தலைகீழாகின்றது. முன்வரிசையில் மனைவியும் பிள்ளைகளும் கதறியதை பரி பிளவுஸ்டீனின் ‘பியோண்ட் த மற்’ என்னும் ஆவணப்படம் பதிவுசெய்துள்ளது. அக்காட்சியைப் பின்னர் ஃபோலிக்கே காட்டியபோது அவர் கலங்குவதும் அதில் உண்டு. தலையில் நாற்காலியால் அடிப்பதை அந்நிறுவனம் தடைசெய்தது 2010இலேதான். ஃபோலி முழுநேரக் களத்தைவிட்டு விலகிப் பத்தாண்டு கழிந்திருந்தது.

1999இல் வெளிவந்த ‘ஹாவ் எ நைஸ் டே’ என்னும் தன்வரலாற்றைப் பிறர் எழுதித்தர விடாது தம் கையாலேயே எழுதினார். நியூயோர்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. தெளிந்த நடையும் நகைச்சுவையும் அந்நூலின் பலம். குறையும் அந்த நகைச்சுவையே. ஒவ்வொரு காயமும் அங்கு வேடிக்கைக் கதையாகிவிட, வாசகன் சிரித்தவாறே அடுத்த காயத்தைத் தேடிப் பக்கம் புரட்டுகின்றான். 1995இல் கூட்டத்தைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியை இந்த வாசகனைப் பார்த்து அவர் கேட்கவில்லை.