பூனையைத் தேடிய அன்னை: சிங்கப்பூரின் ஓவியம் ஒன்றும் நாடகம் ஒன்றும்

ஒரு நகரத்தின் கலை வாழ்வை மதிப்பிட விழைவோர் அங்குள்ள அரங்குகளையும் காட்சிக்கூடங்களையும் எண்ணினால் போதாது; அவற்றில் யார் மொழி ஒலிக்கிறது, யார் அமர்ந்து கேட்கிறார் என்பதையும் நோக்குதல் வேண்டும். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கினையும் ஆட்சி மொழிகளாகக் கொண்ட சிங்கப்பூருக்கு இவ்வளவுகோல் பெரிதும் பொருந்தும். நம்மவர் பலர் உறவினரைக் காண அங்குச் சென்று, சிராங்கூன் சாலையில் கோயிலை வணங்கிக் கடைத்தெருவில் பொருள் வாங்கி மீள்கின்றனர். பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு அந்நகரின் கலை சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஓர் ஓவியத்தையும் ஒரு நாடகத்தையும் கொண்டு அதனை ஈண்டு ஆராய்வோம்.

பழைய உச்ச நீதிமன்றக் கட்டடத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது சிங்கப்பூர்த் தேசியக் கலைக்கூடம். சீனத்தில் பிறந்து சிங்கப்பூரில் ஓவியரான சுவா மியா டீ 1959இல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு' அதன் புகழ் பெற்ற ஓவியங்களுள் ஒன்று. மேசையைச் சுற்றி மாணவர் அமர்ந்திருக்க, ஆசிரியர் மலாய் மொழி கற்பிக்கின்றார். கரும்பலகையில் இரண்டே வினாக்கள்: பெயர் என்ன, வசிப்பது எங்கே என்பன. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. தம் மொழியன்றிப் பிறிதொரு மொழியை ஏற்று ஒரே மக்களாவோம் என்ற நம்பிக்கை அம்முகங்களில் ஒளிர்கின்றது. தொடக்கப் பாடத்திற்குரிய அவ்விரு வினாக்களும் குடியேறிய எவரும் வாழ்நாள் முழுதும் விடை தேடும் வினாக்கள் என்பதே ஓவியத்தின் ஆழம்.

ஆயினும் வரலாறு வேறு திசையில் நடந்தது. மலாய் இன்றும் தேசிய மொழியே. ஆனால் வாழ்க்கைக்கும் வேலைக்கும் உரிய பொது மொழியாக வளர்ந்தது ஆங்கிலம். 1987ஆம் ஆண்டளவில் பள்ளிகள் அனைத்திலும் அதுவே பயிற்று மொழியாயிற்று. சீனர் அனைவரும் மாண்டரின் பேச வேண்டும் என்ற இயக்கத்தை 1979இல் அரசு தொடங்கியது. ஹொக்கியன், தியோச்சியூ, கேண்டனீஸ் ஆகியன இல்லத்து முதியோரின் நாவில் மட்டும் எஞ்சலாயின. நாட்டின் ஒற்றுமைக்கும் பொருள் வளத்துக்கும் இம்மாற்றம் உதவியது என்பதை மறுத்தற்கில்லை. அதற்குரிய விலையைக் கொடுத்தவர் யார் என வினவியது குவோ பாவ் குன்னின் நாடகம்.

சீனத்தில் 1939இல் பிறந்து, சிறுவனாகச் சிங்கப்பூர் வந்த குவோ, தம் துணைவியார் கோ லே குவானுடன் 1965இல் கலைப் பள்ளி ஒன்றை நிறுவியவர். 1976 முதல் 1980 வரை விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டவர். 1990இல் அந்நாட்டின் உயரிய கலை விருதான கலாசாரப் பதக்கத்தைப் பெற்றவர். அவர் 1988இல் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா' சிங்கப்பூரின் பன்மொழி நாடகத்துக்கு வழி திறந்த படைப்பு. கதை எளியது. ஹொக்கியன் மட்டுமே அறிந்த தாய். ஆங்கிலமும் மாண்டரினும் பேசும் மக்கள். ஒரே கூரையின்கீழ்ப் பேச்சற்றுப்போன அவளுக்குப் பூனையே துணை. அப்பூனையும் காணாமற்போக, அதனைத் தேடிப் புறப்படுகிறாள்.

வழியில் தமிழ் முதியவர் ஒருவரைச் சந்திக்கிறாள். அவரும் தம் பூனையைத் தேடுபவரே. அவள் பேசுவது ஹொக்கியன். அவர் பேசுவது தமிழ். ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்குவதில்லை. எனினும் கைகளாலும் குரலாலும் முகத்தாலும் தத்தம் பூனையை ஒருவருக்கொருவர் உணர்த்துகின்றனர். பெற்ற மக்களிடம் கிட்டாத உறவு வழிப்போக்கரிடம் கிட்டுகிறது. நாடகத்தின் உயிர் இக்காட்சியிலேயே உள்ளது எனலாம். மேடையில் ஒலிக்கும் மொழிகள் அனைத்தையும் அறிந்த பார்வையாளர் அரியர். ஆதலின் ஏதேனும் ஓரிடத்தில் ஒவ்வொருவரும் அத்தாயின் நிலையை எய்துகின்றனர். பொருள் விளங்காமையையே பொருளாக்கியது குவோவின் ஆற்றல்.

இங்கு ஒரு கருத்து வேறுபாட்டையும் நாம் கூற வேண்டும். இக்காட்சியைப் போற்றுவோர், அன்புக்கு மொழி தேவையில்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். இம்முடிவு நமக்கு உடன்பாடன்று. பூனையின் வாலையும் மீசையையும் சைகையால் காட்டலாம். கணவன் இறந்த நாளை, கடந்து வந்த கடலை, பிள்ளைகளிடம் கொண்ட மனத்தாங்கலைச் சைகையால் சொல்ல முடியுமா? அவ்விருவரும் பகிர்ந்துகொண்டது சிறிது. சொல்லாமல் விட்டதே பெரிது. அச்சிறிது கூடத் தன் இல்லத்தில் அவளுக்குக் கிட்டவில்லை என்பதே நாடகத்தின் குற்றச்சாட்டு.

பழைய மின் நிலையம் ஒன்றில் 1990இல் 'சப்ஸ்டேஷன்' என்னும் கலை இல்லத்தை நிறுவிப் பல மொழிக் கலைஞரையும் ஒருங்கே வரவேற்ற குவோ, 2002 செப்டம்பரில் மறைந்தார். அடுத்த மாதம் திறக்கப்பட்டது, முட்கூரையால் மக்கள் 'டுரியான்' என அழைக்கும் எஸ்பிளனேட் பேரரங்கம். அங்குச் சீனருக்கு 'ஹுவாயி', மலாய்க்காரருக்குப் 'பெஸ்தா ராயா', இந்தியருக்குக் 'கலா உற்சவம்' எனத் தனித்தனி விழாக்கள் நடைபெறுகின்றன. ஒவ்வொரு மரபுக்கும் சிறந்த மேடை கிடைப்பது போற்றத்தக்கதே. ஆயினும் அவரவர் தத்தம் விழாவுக்கே சென்று மீள்வாராயின், ஹொக்கியன் மூதாட்டியும் தமிழ் முதியவரும் சந்திக்கும் வீதி எது? சப்ஸ்டேஷன் தன் ஆர்மீனியன் தெருக் கட்டடத்தை விட்டு 2021இல் வெளியேறிய பின்னர் இவ்வினா மேலும் கூர்மை பெறுகின்றது.

இவ்வினா நம் இல்லங்களுக்கும் உரியதே. நம் சங்க விழாவில் நாம் தமிழ் நாடகம் காண்கின்றோம். அண்டை வீட்டார் தம் மொழி நாடகத்தைக் காண்கின்றனர். நம் பிள்ளைகள் பள்ளி மொழியில் வல்லவராய், ஊரிலிருந்து வந்த பாட்டியிடம் நான்கு சொற்களுக்கு மேல் பேச மாட்டாதவராய் வளர்கின்றனர். பெயரும் இருப்பிடமும் கேட்கும் அவ்வகுப்பின் வினாக்களுக்குத் தமிழில் விடை கூற அவர்களைப் பயிற்றுதல் பெற்றோர் கடமை. அயலார் மொழி நாடகத்துக்கு அவர்களை அழைத்துச் சென்று, விளங்காத சொல்லைப் பொறுமையோடு கேட்கப் பழக்குதலும் அதற்கிணையான கடமையே. பாட்டி பேச விரும்பும் காலத்திலேயே இவ்விரண்டையும் செய்தல் வேண்டும்.