கோட்டூர்புரத்துக் கணக்கும் இருவேல்பட்டு வீடுகளும்

2021 மே மாதம் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது. சென்னை அடையாறிலிருந்து தி.நகருக்குக் கடை வேலைக்குப் போகும் பெண்களில் எத்தனை பேரை இந்தத் திட்டம் வேலைக்கு அனுப்பியது? திட்டத்துக்கு முன், பின் என்று ஒப்பிட்டால் விடை தவறிவிடும். கொரோனா முடக்கம் தளர்ந்து கடைகள் திறந்ததும் அதை அடுத்த மாதங்களில்தான். நகரப் பேருந்து ஓடாத ஊர்களோடு ஒப்பிடலாமென்றால், அங்கே கிடைக்கும் வேலையே வேறு.

ஒரே நேரத்தில் நடந்த பல மாற்றங்களிலிருந்து ஒன்றின் விளைவை மட்டும் பிரித்தெடுக்கும் வித்தைதான் பொருளாதார அளவையியல். ஆயுள் முழுவதையும் அதற்குக் கொடுப்பவர்களை நான் மதிக்கிறேன். “எல்லாம் எங்கள் திட்டத்தால்” என்பவரையும் “எல்லாம் வீண்” என்பவரையும் ஒருசேர நிறுத்தி ஆதாரம் கேட்பவர்கள் அவர்கள். பொருளாதார அறிஞர் ராஜா செல்லையா 1993இல் தொடங்கிய, கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இந்தப் பயிற்சியைத் தருகிறது.

சிக்கல் தரவில் தொடங்குகிறது. கட்டணமில்லாப் பயணச்சீட்டு பயணத்தை எண்ணும். ஏறியவர் யார், எதற்குப் போகிறார் என்று சொல்லாது. 2021இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2017-18 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் முடிவுகளை ஒன்றிய அரசு வெளியிடவில்லை. ஆய்வாளர்கள் நெடுங்காலம் பழைய எண்களை வைத்தே நுட்பமான மாதிரிகளைக் கட்ட வேண்டியிருந்தது. பதவி உயர்வும் புகழும் அந்த நுட்பத்துக்கே கிடைப்பது எனக்கு உறுத்துகிறது. பல மாதிரிகளை ஓட்டிப் பார்த்து, பிடித்ததை மட்டும் அச்சிடும் பழக்கத்தைப் பொருளாதார அறிஞர் எட்வர்ட் லீமர் 1983இலேயே கடுமையாகச் சாடினார்.

அடையாறு காந்தி நகரில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் மரபு வேறு. பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916இல் கணக்கெடுத்த இருவேல்பட்டு என்ற ஊருக்கு, 1980களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தின் எஸ். குகன் மறுகணக்கெடுப்புக்குப் போனார். 2008இல் ஆய்வாளர்கள் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் மூவரும் போனார்கள். நிலம் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, கூலியாள் யாருக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்பதையெல்லாம் ஊருக்குள் போய்க் கேட்டால்தான் அறிய முடியும். ஓர் ஊர் மாநிலம் முழுமைக்கும் சாட்சியாகாது, உண்மைதான். ஆனால் எதை அளக்க வேண்டும் என்று சொல்லித்தருவது அந்த ஊர்.

டெல்லியில் பல தலைமுறை மாணவர்களுக்கு அளவையியல் கற்பித்த கே.எல். கிருஷ்ணா, பின்னாளில் இதே காந்தி நகர் நிறுவனத்தின் தலைவராக இருந்தார். இரு மரபும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும். அளவையியலில் முனைவர் பட்டம் பெற வருபவர் ஒரு சாகுபடிப் பருவமாவது வினாத்தாளோடு வீடு வீடாகப் போகட்டும். அந்த உழைப்பைப் பதவி உயர்வுக் குழுக்கள் ஆய்விதழ்க் கட்டுரைக்கு நிகராக மதிப்பிடட்டும்.