கொன்றை பேதையல்ல

முதுகலை வகுப்பில் கவிதை எழுதிக் கொண்டுவரும் மாணவிகள், பிரிவைச் சொல்ல வேண்டுமென்றால் உடனே இலையுதிர்காலத்தை அழைத்து வந்துவிடுகிறார்கள். மதுரையில் அப்படியொரு காலம் ஏது? தொல்காப்பியம் சொல்லும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறில் அது இல்லை. இங்கே வேம்பு மாசி பங்குனியில் உதிர்க்கிறது. உதிர்த்த கையோடு செந்தளிரும் விட்டுவிடுகிறது. உட்கார்ந்து அழ நமக்கு அவகாசமே தருவதில்லை. மரத்தைப் பார்த்து விட்டுவிடக் கற்றுக்கொள் என்று காலையில் கைப்பேசிக்கு வரும் வாசகங்களை நான் நம்புவதில்லை. என் ஐயத்துக்கு மூலம் சங்கப் பாடல்கள். அங்கே பருவம் பெண்ணுக்குக் கற்பிப்பது விடுவதை அல்ல, காத்திருப்பதை.

முல்லைக்குப் பெரும்பொழுது கார், ஆவணியும் புரட்டாசியும். உரிப்பொருள் இருத்தல். காருக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை வந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது. இப்போது யார் பொய்யர்? குறுந்தொகை 66இல் தோழி தயங்காமல் தீர்ப்புச் சொல்கிறாள்: கொன்றைதான் பேதை, காலமல்லாத காலத்து மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. ஓதலாந்தையாரின் 21ஆம் பாடலில் தலைவியே அதைச் சொல்கிறாள். காடே சாட்சி சொன்னாலும் அவள் தேறமாட்டாள். அவன் பொய் சொல்லாதவன். ஒருவனுடைய சொல் பிழைக்காதிருக்க ஒரு பருவமே பிழையாக்கப்படுகிறது. தோழியின் இந்தச் செயலுக்கு மரபு வைத்த பெயர் வற்புறுத்தல். பழைய பொருள் ஆற்றுவித்தல், மனத்தை வலிமைப்படுத்தல். இன்றைய பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. சொல் எப்படி இங்கு வந்து சேர்ந்தது என்பது எனக்கு வியப்பாகவும் இல்லை.

மேலூர்ப் பக்கம் என் சித்தி பதினொரு ஆண்டுகள் இப்படி இருந்தார். வேலைக்குப் போன சித்தப்பாவிடமிருந்து முதலில் பணம் நின்றது, பிறகு கடிதம். ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஊர்ப் பெண்கள் வந்து, தை பிறக்கட்டும், வந்துவிடுவார் என்பார்கள். தோழிகள்தான், கெட்ட எண்ணமில்லை. நானும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர்ச் சரக்கொன்றை சித்திரை வைகாசி வெயிலில், இலையெல்லாம் கொட்டிவிட்டுப் பூக்கிறது. யாருடைய வாக்கையும் அது கேட்டதில்லை. அந்த மரத்தடியில் நின்றுகொண்டு 66ஆம் பாடலை ரசிப்பது எனக்குக் கடினமாகிக்கொண்டே வருகிறது. அழகான பாடல்தான், மறுக்கவில்லை.

ஒக்கூர் மாசாத்தியார் இதே பருவத்தை எடுத்துக்கொண்டு வேறொன்று செய்கிறார். குறுந்தொகை 126இல் கார் பொய்யும் சொல்வதில்லை, ஏமாறவும் இல்லை. முல்லை அரும்புகளைப் பல்லாகக் காட்டி, போனவர் எங்கே என்று கேட்டுச் சிரிக்கிறது. பருவமன்று என்று மழுப்ப இங்கே யாரும் இல்லை. வந்திருப்பது கார்தான் என்று தலைவியே ஒப்புக்கொள்கிறாள். இந்த ஒப்புதலை நான் பெரிதாக நினைக்கிறேன். விட்டுவிடுதல் என்று ஒன்று உண்டானால் அது இங்கிருந்துதான் தொடங்க முடியும். தலைவியை எள்ளிச் சிரிக்கிறது என்றே இத்தனை ஆண்டுகள் பாடம் சொன்னேன். செய்யுளில் யாரைப் பார்த்து என்பதற்குச் சொல் இல்லை. போன ஆண்டு கடைசி இருக்கை மாணவி ஒருத்தி, “அவரப் பாத்துச் சிரிக்கக் கூடாதா மேடம்?” என்று கேட்டாள். அன்று பதில் சொல்லாமல் அடுத்த பாடலுக்குப் போய்விட்டேன்.

சித்தி வீட்டுவரி ரசீதைத் தன் பெயருக்கு மாற்றப் போன நாள் பிறகு நினைவுக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலை நிமிராமல், “வீட்டுக்காரர் எங்கம்மா?” என்றார். சித்தி சிரித்தார். வாய்விட்டு, வெற்றிலைக்கறைப் பல் தெரிய. உடன் போயிருந்த எனக்குத்தான் அன்று வெட்கமாக இருந்தது.