சாலெந்தோ: கதவுகள் சொல்லாதது

சாலெந்தோ தெருவிலிருந்து நண்பர் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். மஞ்சள் கதவு, நீலச் சட்டம், சிவப்பு விளிம்பு, மேலே மரப் பால்கனி, அதில் தொங்கும் பூந்தொட்டிகள். ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது: "என்னப்பா, பாட்டு சீனுக்குப் போட்ட செட்டு மாதிரி இருக்கு?"

கொஞ்சம் கோபம்தான். இருபது மணி நேரத்துக்கும் மேல் பயணம் பண்ணி வந்து சேர்ந்த ஊரை ஒரே வரியில் அடித்துவிட்டாரே என்று. ஆனால் நான்கு நாள் அங்கே சுற்றித் திரும்பிய பிறகும் அந்த வரி போகவில்லை. செட்டு என்று சொன்னது தப்பு. ஆனால் அவர் கண்ணில் ஏதோ பட்டிருக்கிறது. அது என்ன என்று எனக்கே தெளிவுபடுத்திக்கொள்ளத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் இடம். கொலம்பியாவின் கிந்தியோ மாகாணம், மத்திய ஆண்டிஸ் மலைச் சரிவு. ஊர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம்ம கொடைக்கானலைவிடச் சற்றுத் தாழ்வு. நடுவில் பொலிவார் சதுக்கம். அங்கிருந்து ஒரு மேட்டை நோக்கிப் போகிறது காயே ரெயால் என்ற தெரு. இரண்டு பக்கமும் வண்ண வீடுகள், கடைசியில் வண்ணப் படிகள், ஏறினால் பள்ளத்தாக்குக் காட்சி. 2011இல் யுனெஸ்கோ, 'கொலம்பியாவின் காப்பிப் பண்பாட்டு நிலப்பரப்பு' என்று இந்த வட்டாரத்து மலைகளையும் ஊர்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கால்தாஸ், கிந்தியோ, ரிசரால்தா, வாயே தெல் கௌகா என்ற நான்கு மாகாணங்களில் பரவிய நிலம். சாலெந்தோவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரை நம்பித்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

செட்டு இல்லை என்று ஏன் சொல்கிறேன்? அந்தச் சுவர்களின் பெயர் பாஹரேக்கே. குவாதுவா என்ற கனத்த மூங்கிலைப் பிளந்து சட்டம் கட்டி, மண்ணும் சாணமும் பூசுவார்கள். வரிச்சுச் சுவர் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1999 ஜனவரி 25ஆம் தேதி பக்கத்திலிருக்கும் அர்மேனியா நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. ஆயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அப்போது கம்பியும் கட்டும் சரியில்லாத செங்கல் கட்டடங்கள் நொறுங்கி விழுந்த இடங்களில், நன்றாகப் பராமரித்த மூங்கில் வீடுகள் ஆடி நின்றன. பிறகு பொறியாளர்கள் இதை ஆராய்ந்து, சிமென்ட் பூசிய பாஹரேக்கேவுக்குக் கொலம்பியாவின் கட்டட விதிகளிலேயே இடம் வாங்கிக் கொடுத்தார்கள். கதவுக்கும் சட்டத்துக்கும் வண்ணம் அடிப்பதும் வடக்கே ஆன்டியோக்கியாவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த பழைய வழக்கம்தான். ஆக, வீடு நிஜம், வண்ணமும் நிஜம்.

என் குறை வேறு. வண்ணம் எதன்மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி. கதவு, ஜன்னல், பால்கனி எல்லாம் வீட்டுக்காரர் சொத்து. கடைச் சுவர்களில் தீட்டியிருக்கும் படங்களை ஒரு சாயங்காலம் முழுக்க எண்ணிக்கொண்டே நடந்தேன். வில்லிஸ் ஜீப், கழுதை, தொப்பி, தோளில் மடித்துப் போட்ட துண்டு, காப்பிக் கோப்பை, பனைமரம். மனிதர் என்று வந்தால் மீசை வைத்த ஒருத்தர், பக்கத்தில் கோவேறு கழுதை. அவர் யார் என்று உலகத்துக்கே தெரியும். ஹுவான் வால்தேஸ். காப்பி விவசாயிகள் கூட்டமைப்புக்காக நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்று 1950களின் கடைசியில் படைத்த பாத்திரம். சொந்த நிலத்தில் தன் கையாலேயே பழம் பறித்து, தன் கழுதைமேல் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர். அவர் பொய் என்று சொல்ல மாட்டேன். கொலம்பியாவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் காப்பி பயிரிடுகின்றன, பெரும்பாலானவை சிறு நிலக்காரர்கள். யுனெஸ்கோ விவரணையும் இந்தச் சிறு குடும்ப உழைப்பைத்தான் போற்றுகிறது. ஆனால் அறுவடை சமயத்தில் ஒரு குடும்பத்தின் கை போதாது. அப்போது யார் வருகிறார்கள்? அவர்களைச் சுவரில் நான் பார்க்கவில்லை.

காப்பிச் செடியையும் சுவரில்தான் அதிகம் பார்த்தேன் என்பது அடுத்த வேடிக்கை. சாலெந்தோவின் புகழ்பெற்ற படம் கொகோரா பள்ளத்தாக்குதான். பச்சைப் புல்வெளியில் குச்சி நட்டமாதிரி நிற்கும் மெழுகுப் பனைகள். உலகத்திலேயே உயரமான பனை இனம், அறுபது மீட்டர்வரை போகும். 1985இல் சட்டம் போட்டு தேசிய மரம் ஆக்கினார்கள். காப்பி வட்டாரத்தின் சுவரொட்டியில் எல்லாம் இந்தப் பனைதான். ஆனால் அந்தப் படத்துக்குள் ஒரு காப்பிச் செடிகூட இல்லை, இருக்கவும் முடியாது. அவ்வளவு உயரத்தில் குளிர் அதிகம். அங்கே மாடு மேயும், ஓடையில் டிரௌட் மீன் வளரும். காப்பித் தோட்டத்துக்கு ஊரிலிருந்து கீழே இறங்கித்தான் போகணும்.

சரி, பனையாவது முழுசா இருக்கிறதா? அங்கேதான் எனக்கு வயிறு கலங்கியது. அந்த மரங்கள் மூடுபனிக் காட்டுக்குள் வளர்ந்தவை. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலம் ஆக்கியபோது பனையை மட்டும் விட்டுவிட்டார்கள். வெட்டவெளி வெயிலில் அதன் கன்று பிழைக்காது, பிழைத்தாலும் மாடு தின்றுவிடும். அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டே இருந்தவன், ஒரு தடவை தரையைப் பார்த்தேன். புல், சாணம், புல். அந்த மேய்ச்சல் வெளியில் இடுப்பளவு பனை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. எல்லாரும் கிழவர்கள். அழகான காட்சி என்று நாம் நிற்கிற இடம், வாரிசு இல்லாத ஒரு முதியோர் கூட்டம்.

இதே பனைகளை 1801 அக்டோபரில் ஹும்போல்ட் பார்த்தார். இபாகேவிலிருந்து கார்த்தாகோவுக்குக் கிந்தியோ கணவாய் வழியாக நடந்தார். 'நடந்தார்' என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வசதியுள்ள பயணி அந்தச் சேற்று மலையில் நடக்கமாட்டார். முதுகில் மர நாற்காலி கட்டிய சுமைகாரர் மேல் உட்கார்ந்து போவார். மனிதரை மனிதர் சுமக்கும் வேலைக்குத் தனிக் கூலி, தனிப் பெயர், தனித் தொழில். ஹும்போல்ட்டும் போன்பிளானும் அதில் ஏற மறுத்து, காலணி கிழிந்து வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் கணவாயும் நாற்காலி சுமப்பவர்களும் ஒரு படமாகவே இருக்கிறார்கள்.

அந்தப் பாதையைப் பராமரிக்கத்தான் 1842இல் பொக்கியா என்ற இடத்தில், இன்றைய சாலெந்தோவுக்குக் கீழே ஆற்றங்கரையில், கைதிகள் குடியிருப்பு ஒன்று அமைத்தார்கள். தண்டனைக் கைதிகளும் அவர்களைத் தொடர்ந்து வந்த குடியேறிகளும் போட்ட அடித்தளம்தான் இந்த ஊர். கிந்தியோவின் 'தந்தை ஊர்' என்று பெருமையாகச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் அந்தத் தந்தையின் காலில் விலங்கு இருந்தது. முதலில் நாற்காலி சுமந்த முதுகு, பிறகு பாதை வெட்டிய கைதி, அப்புறம் பழம் பறித்த கூலி. காயே ரெயாலில் நடக்கிறவருக்கு இந்த வரிசை தெரிய வாய்ப்பே இல்லை.

காப்பிச் சுற்றுலாவுக்கும் போனேன். சும்மா சொல்லக்கூடாது, வழிகாட்டிப் பெண் அருமையாக விளக்கினார். எங்கள் இடுப்பில் ஆளுக்கு ஒரு கூடை கட்டினார். பத்து நிமிஷத்தில் சிவந்த பழமாகப் பொறுக்கி ஒரு பிடி சேர்த்தோம், படம் எடுத்துக்கொண்டோம், கைதட்டினார்கள். நல்ல பறிப்புக்காரர் அறுவடை உச்சத்தில் ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் பறிப்பார். கூலி கிலோக் கணக்கு. சுமார் ஐந்து கிலோ பழத்துக்குத்தான் ஒரு கிலோ காய்ந்த கொட்டை கிடைக்கும். சரிவு அவ்வளவு செங்குத்து என்பதால் இயந்திரம் ஏறாது; கால் வழுக்காமல் நிற்பதே தனி வித்தை. ஒரு கிளையில் பழமும் காயும் சேர்ந்தே இருக்கும், பழத்தை மட்டும் பார்த்து எடுக்கணும். என் பிடியில் பாதி காய் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டார்.

பிறகு எங்களுக்குக் கொடுத்த காப்பி உயர்ந்த ரகம். ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் குடித்தது அது இல்லை. தேறிய கொட்டை கப்பலேறும். ஓட்டையும் உடைசலுமாகத் தள்ளியதை 'பசியா' என்பார்கள், அதுதான் உள்ளூர்ச் சந்தைக்கு. அதைக் கருக வறுத்து, வெல்லம் கரைத்த தண்ணீரில் காய்ச்சிக் குடிப்பார்கள். பஸ் நிலையத்தில் ஒரு பாட்டி ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தார். கருப்பட்டிக் காப்பிக்குச் சித்தப்பா பிள்ளை. கைவினைக் கடைகளின் பால் ஓவியக் கோப்பைகளைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. என் நாக்கு அப்படி, அதை ரசனைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம்.

பறிப்பவரைக் கதாநாயகி ஆக்கிய கதை ஒன்று இல்லாமல் இல்லை. 1994இல் ஃபெர்னாந்தோ கைதான் எழுதிய 'காஃபே கோன் அரோமா தெ முஹேர்' தொடர். 2021இல் மறுபடி எடுத்து உலகமெல்லாம் ஓடியது. அறுவடைக்கு அறுவடை அம்மாவோடு ஒரு பெரிய தோட்டத்துக்கு வரும் கவியோத்தா என்ற பெண், முதலாளி வீட்டுப் பையனோடு காதல். மலிவான கதை என்று தள்ள மாட்டேன். வந்து போகிறவர்களின் வாழ்க்கையை நாட்டின் வரவேற்பறைக்குள் கொண்டுவந்தது அது. ஆனால் அவள் மரியாதை பெற வேண்டுமானால் கூடையைக் கழற்றிவிட்டு நகரத்துக்குப் போய் ஏற்றுமதி அலுவலகத்தில் உட்கார வேண்டியிருக்கிறது. கூடையோடு இருக்கும்போதே அவளுக்கு மரியாதை கிடைக்கும் கதையை யாரும் எழுதவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. கடைகளில் அவளுடைய பூப்போட்ட பாவாடையும் தலைத்துணியும் தொங்குகின்றன, குழந்தைகளுக்குப் போட்டுப் படம் எடுக்க.

அதே 2021இல் வந்த டிஸ்னியின் 'என்கான்டோ' இதைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். கொகோரா பனைகளும் வண்ண வீடும் நிறைந்த படம்தான். ஆனாலும் அந்த வீடு எழுந்ததற்குக் காரணம் ஆற்றங்கரையில் நடந்த ஒரு கொலை, ஊரைவிட்டு ஓடிய குடும்பம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. 1950களின் அரசியல் வன்முறை கிந்தியோவை மிகக் கொடூரமாகத் தாக்கியது. அறுவடைகளும் தோட்டங்களும் துப்பாக்கி முனையில் கைமாறியதைக் கார்லோஸ் மிகேல் ஒர்த்திஸ் 1985இல் ஒரு புத்தகமாகவே ஆராய்ந்திருக்கிறார். கார்ட்டூனுக்கு நினைவிருப்பது தெருவில் விற்கும் அந்தக் கார்ட்டூன் பனியனுக்கு நினைவில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஊர்க்காரர்களைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. 1983இல் இலைத்துரு நோய் கொலம்பியாவுக்குள் வந்தது. 1989இல் உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை உடைந்து விலை சரிந்தது. பத்தே வருஷத்தில் நிலநடுக்கம். தோட்டக்காரர்கள் அறைகளைச் சுத்தம் பண்ணி, கதவுக்குப் புதுசாக வண்ணம் அடித்து, விருந்தாளிகளை வரவேற்கத் தொடங்கியது இந்த அடிகளுக்கு நடுவில்தான். நான் தங்கிய வீட்டு அம்மாவும் அப்படிச் சொன்னார். "காப்பி மட்டும் நம்பியிருந்தா இந்த வீட்டை எப்பவோ வித்திருப்போம்" என்றார். அவர் கதவை நான் குறை சொல்ல யார்?

கடைசி நாள், தோட்டத்துக்குக் கீழே ஜீப்புக்காகக் காத்திருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர், பை ஒன்று, ரப்பர் பூட்ஸ். பறிப்புக்காரர். இவர்களுக்கு 'அந்தரியேகோ' என்று பெயர், நடந்துகொண்டே இருப்பவர் என்று அர்த்தம். இங்கே அறுவடை முடிந்தால் அடுத்த மாகாணம், அது முடிந்தால் இன்னொன்று. படுக்கை, சாப்பாடு தோட்டத்துக் கொட்டகையில். பையன்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லை என்றார். எந்த ஊர் என்று கேட்டார். என் அரைகுறை ஸ்பானிஷில், எங்கள் ஆட்களும் ஒரு காலத்தில் காப்பி பறிக்க நடந்தார்கள் என்று சொன்னேன். மதுரை, திருநெல்வேலிப் பக்கமிருந்து கடலைத் தாண்டி, மன்னாரிலிருந்து காட்டு வழியாகக் கண்டி மலைக்கு. பறிப்பு முடிந்தால் திரும்பி நடப்பார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு அங்கே வந்தது, அடுத்த இருபது வருஷத்தில் காப்பி போய்த் தேயிலை வந்தது.

துரு என்ற சொல் மட்டும் அவருக்கு உடனே புரிந்தது. தலையை ஆட்டினார். "அப்போ அந்த நடந்தவங்க என்ன ஆனாங்க?" என்று கேட்டார்.

அங்கேயே தங்கிட்டாங்க, தேயிலை பறிக்கிறாங்க என்றேன். ஜீப் வந்தது. உள்ளே எனக்கு இடம் கிடைத்தது. அவர் வழக்கம்போலப் பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார்.