பதினாறு வெற்றிகளும் ஒரு வினாவும்

வீடியோ விளையாட்டு என்றதும் சுடுவதும் வெட்டுவதும் மதிப்பெண் சேர்ப்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகளின் பொழுதைப் பறிக்கும் பொருள் என்று அதனை ஒதுக்கிவிடுகிறோம். இந்த எண்ணத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும், கொல்வதையே முழுச் செயலாகக் கொண்டு, கொல்லும் கையையே வினவுகின்ற விளையாட்டு ஒன்றும் உண்டு. 2005-ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளியிட்ட 'ஷேடோ ஆஃப் த கொலோசஸ்' என்பதே அது. ஜப்பானியக் கலைஞர் ஃபுமிட்டோ உவேடா இயக்கிய இப்படைப்பு, 2018-இல் பிளேஸ்டேஷன் 4 கருவிக்காகப் புதிதாக உருவாக்கப்பெற்று மீண்டும் வெளிவந்தது. இதன் மாந்தர் பேசுவது எந்நாட்டிலும் வழங்காத கற்பனை மொழி. ஜப்பானியரும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் மொழியில் திரையின் அடியில் வரும் எழுத்துகளைப் படித்தே பொருள் கொள்கின்றனர்.

கதை எளியது. வாண்டர் என்னும் இளைஞன், பலியிடப்பட்ட மோனோ என்னும் பெண்ணின் உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, எவரும் நுழையலாகாத நிலம் ஒன்றுக்கு வருகிறான். அங்குள்ள பழங்கோயிலில் டோர்மின் என்னும் உருவமற்ற குரல் ஒலிக்கிறது. அந்நிலத்திலுள்ள பதினாறு பேருருவங்களையும் வீழ்த்தினால் அவள் மீளக்கூடும் என்கிறது அக்குரல். அதற்குரிய விலை பெரிதாயிருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. இளைஞன் அதைப் பொருட்படுத்தவில்லை. விளையாடும் நாமும் பொருட்படுத்துவதில்லை.

அந்த நிலத்தில் ஊர் இல்லை. உரையாட மனிதர் இல்லை. வழியில் வெட்டிச் சாய்க்கச் சிறு பகைவரும் இல்லை. குதிரையும், வெயிலில் உயர்த்தினால் ஒளிக்கற்றையால் திசை காட்டும் வாளுமே துணை. பேருருவத்தைக் கண்டதும் அதன் உரோமத்தைப் பற்றி மேலேற வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருத்தல் வேண்டும். இளைஞனின் வலிமை குறையக் குறைய, அதைக் காட்டும் வட்டமும் சுருங்குகிறது. நம் விரல்களும் வலிக்கின்றன. திரைப்படத்தில் நாயகன் செய்ததை நாம் பார்த்திருந்தோம். இங்கோ செய்பவர் நாமே.

வீழ்ந்த கணத்தில்தான் இப்படைப்பின் தனித்தன்மை வெளிப்படுகிறது. போரில் எழுச்சியுற்ற கோ ஓட்டானியின் இசை, இறப்பில் இரங்கலாக மாறிவிடுகிறது. வீழ்ந்த உடலினின்று கரிய இழைகள் பாய்ந்து இளைஞனுள் புகுகின்றன. அவன் மயங்கி விழுகிறான். வெற்றிதோறும் அவன் முகம் வெளிறுகிறது. இறுதியில் தலையில் சிறு கொம்புகளும் முளைக்கின்றன. பேருருவங்கள் எல்லாமே கொடியனவும் அல்ல. ஐந்தாவதாக வரும் பறவை, நாம் அம்பெய்யும்வரை தன் இடத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. பதின்மூன்றாவதோ பாலைவெளியின் மேல் மிதந்து செல்லும் நெடிய உயிர். அது நம்மை ஒருபோதும் தாக்குவதில்லை. அதையும் நாம் கொல்கிறோம்.

இங்கே ஒரு குறையைச் சுட்டத்தான் வேண்டும். கொல்லாமல் விடுவதற்கு இவ்விளையாட்டில் வழியே இல்லை. தேர்ந்துகொள்ள இடம் தராமல் குற்றத்தை மட்டும் நம் தோளில் ஏற்றுவது நேர்மையா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆயினும் விளையாடுபவர்க்கு ஓர் உரிமை எஞ்சியிருக்கிறது: கருவியை அணைத்துவிட்டு எழுந்து போகலாம். நாம் ஏன் எழுவதில்லை? முடிவை அறியும் ஆவல் ஒருபுறம். அந்தப் பெண் பிழைக்கவேண்டுமே என்னும் நியாயம் மறுபுறம். நல்ல நோக்கம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் எதையும் செய்துவிடலாம் என்ற இளைஞனின் வாதத்தை, நம்மை அறியாமலேயே நாமும் சொல்லத் தொடங்கிவிடுகிறோம். விளையாட்டின் கதவு மூடியிருப்பது குறையே. அந்த வாதம் நம்முள் தானே எழுவதை உணர்த்துவது அதன் பேறு.

விலையை முதலில் செலுத்துவோர் பிறரே. பதினாறு பேருருவங்களோடு, இறுதிப் போருக்கு முன் பாலம் இடிகையில் இளைஞனைக் காத்துவிட்டு, பள்ளத்தில் வீழ்கிறது அவன் குதிரை. முடிவில் மோனோ கண்விழிக்கிறாள். அவளுக்காக வந்த இளைஞனோ அங்கில்லை. கொம்புகளோடு கூடிய கைக்குழந்தை ஒன்றுதான் கிடக்கிறது. நொண்டியபடி திரும்பி வந்த குதிரையோடு அவள் அக்குழந்தையை ஏந்திச் செல்கிறாள். இந்த விலைக்கு மீட்கப்பட அவள் விரும்பினாளா என்று எவரும் கேட்கவில்லை. அன்பு என்று நாம் பெயரிட்டழைப்பவற்றுள் எத்தனை, அன்பு செய்யப்படுபவரைக் கேளாமலே நடந்தேறுகின்றன!

வீட்டில் இளையோர் ஆடும் விளையாட்டுகளை எடைபோடும் பெற்றோர், கொலை உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்து நின்றுவிடுகின்றனர். அந்த இறப்புக்கு அங்கே ஏதேனும் எடை இருக்கிறதா என்றும் பார்த்தல் நலம். நூற்றுக்கணக்கானோர் வீழ்ந்தும் எவர் முகமும் நினைவில் தங்காத விளையாட்டுகள் பல. இதில் வீழ்வோர் பதினாறே. ஒவ்வொரு வீழ்ச்சியும் நெஞ்சில் தைக்கிறது. பிள்ளைகளோடு அருகமர்ந்து, "இதை ஏன் கொன்றாய்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். அவர்கள் தரும் விடையில் நம் மனச்சான்றுக்கும் ஒரு பாடம் இருக்கக்கூடும்.