கிரெட்ச் 6120: எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

பழைய கிட்டார்களை வாங்கி விற்பவர்களிடம் ஒரு வேதவாக்கு உண்டு: எதையும் தொடாதே. மேற்பூச்சை உரித்துப் புதிதாக அடித்தால் விலை பாதியாகிவிடும் என்பார்கள். உள்ளே ஈயம் வைத்துப் பற்றவைத்த புள்ளிகள்கூடத் தொழிற்சாலையில் வைத்தவையாகவே இருக்க வேண்டும் என்பார்கள். ஒரே மரக்கட்டையில் கடைந்த கிட்டாருக்கு இது ஓரளவு சரி. உள்ளே வெற்றுக்கூடான ஹாலோபாடி கிட்டாரிடம் இந்த வேதம் பலிக்காது. நியூயார்க்கின் புரூக்ளினில் செய்யப்பட்ட கிரெட்ச் 6120 இதற்குச் சாட்சி.

கிட்டார் கலைஞர் செட் அட்கின்ஸ் பெயரோடு 1950களின் நடுவில் வந்த கருவி இது. ஆரஞ்சுச் சாயம், மேப்பிள் ஒட்டுப்பலகை உடல், எஃப் வடிவில் இரண்டு துளைகள். ராக் அண்ட் ரோல் பாடகர் எடி காக்ரன் இதைத்தான் வாசித்தார். ஸ்ட்ரே கேட்ஸ் குழுவின் பிரையன் செட்சர் 1959ஆம் வருடத்து 6120 ஒன்றோடு மேடையேறிய பிறகு இதற்கு மறுபடி மவுசு வந்தது. அழகுக்கும் ஒலிக்கும் குறைவில்லை, குறையெல்லாம் கட்டுமானத்தில்.

முதல் குறை ஓரப்பட்டை. உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டியிருக்கும் இந்த வெள்ளைப் பட்டையைத் தொழிலில் பைண்டிங் என்பார்கள். அந்தக் காலத்தில் அது செல்லுலாய்டு, அதாவது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸ். 1950களின் கடைசியிலும் 60களிலும் வந்த கிரெட்ச்களில் பல இன்று இந்த இடத்தில்தான் உளுத்துப்போய் நிற்கின்றன. பட்டை மஞ்சளாகிச் சுருங்கும், குறுக்கே வெடிக்கும், கடைசியில் கற்கண்டுத் தூளாக உதிரும். உதிர்வதோடு போனால் பரவாயில்லை. சிதையும் செல்லுலாய்டு நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் கக்குகிறது. அவை காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன. அந்த அமிலம் விரல்பலகையின் உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகளைப் பச்சை பிடிக்க வைக்கிறது, பொன்முலாமைத் தின்கிறது, பட்டையின் சிதைவையும் மேலும் முடுக்கிவிடுகிறது. பெட்டியில் பூட்டி வைத்தால் வாயு வெளியேற வழியில்லாமல் வேகம் கூடும். ஆக, தொடாமல் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்படும் சேகரிப்பாளர் அந்தக் கருவியை அதன் சொந்த ஆவியிலேயே ஊறப்போட்டிருக்கிறார். ‘தொடாதே’ என்பவர்கள் பதில் சொல்ல முடியாத இடம் இது.

பட்டையை மாற்றுவது சின்ன வேலையும் அல்ல. மேற்பூச்சின் விளிம்பு சிதறாமல் பழையதைச் சுரண்டி எடுக்க வேண்டும், புதியதை வளைத்து ஒட்ட வேண்டும், அதன்மேல் லேசான மஞ்சள் கலந்த லாக்கரை அடித்துப் பழைய உடலோடு நிறம் சேர்க்க வேண்டும். விரல்பலகையின் ஓரத்திலும் உளுத்திருந்தால் பெரும்பாலும் ஃபிரெட்டுகளையும் கழற்ற வேண்டிவரும். கூலி எகிறுவது இதனால்தான்.

இரண்டாவது குறை கழுத்து. அந்தக் கால கிரெட்ச்களில் கழுத்து உடலோடு சேரும் பொருத்து பலவற்றில் தளர்வாகவே செதுக்கப்பட்டது. பசை போதாதென்று குதிப்பகுதியில் ஒரு திருகாணியை முடுக்கி, மரக்குச்சியால் அதை மூடிவிட்டார்கள். பல பத்தாண்டுகள் தந்திகள் இழுத்த இழுப்பில் பொருத்து விட்டுக்கொடுக்கிறது. தந்திகள் விரல்பலகையை விட்டு எழும்பி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை அடிமட்டம் வரை இறக்கினாலும் வாசிக்க முடியாமல் போகிறது. கழுத்தைக் கழற்றிக் கோணம் திருத்தி மறுபடி பொருத்துவதைத் தவிர வழியில்லை. வயலின்காரர்களுக்கு இதில் சஞ்சலமே கிடையாது. இன்று எஞ்சியுள்ள ஸ்ட்ராடிவாரி வயலின்களில் ஏறக்குறைய எல்லாமே பிற்காலத்தில் கழுத்து மாற்றப்பட்டவை. அதற்காக யாரும் அவற்றை ஒதுக்கிவிடவில்லை. கிட்டார்ச் சந்தைக்கு இந்தப் பக்குவம் இன்னும் முழுதாக வரவில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். திரும்ப ஒட்டும்போது வெந்நீராவிக்கு இளகும் வஜ்ஜிரத்தால் ஒட்டலாம். எப்பாக்ஸியால் ஒட்டுகிறவர், ஐம்பது வருடம் கழித்து இதே வேலையைச் செய்யப்போகிறவருக்குக் குழி தோண்டுகிறார்.

மின்வேலைக்கு வேறு மாதிரிப் பொறுமை தேவை. பின்பக்கம் திறக்கக் கதவு கிடையாது. பழுதான மின்பாகங்களை எஃப் துளை வழியாகவோ, தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் உட்காரும் குழி வழியாகவோ வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் நூல் கட்டி உள்ளே இழுத்து அதன் துளையில் நிறுத்த வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பழைய பொட்டென்ஷியோமீட்டர்களின் முதுகில் எந்த வருடம், எந்த வாரம் செய்யப்பட்டது என்ற எண் அச்சாகியிருக்கும். கருவியின் பிறப்புச் சான்றிதழ்போல அது. அதனால் பழையதைப் பிரிக்காமல் மொத்தமாகக் கழற்றி உறையில் போட்டு வைத்துவிட்டு, புதிய இணைப்பைத் தனியாகச் செய்து நுழைப்பதே என் கட்சி. சந்தையின் பிடிவாதத்தில் நியாயம் இருப்பது இங்கே.

மேற்பூச்சிலும் சந்தையின் பக்கமே நிற்கிறேன். நைட்ரோ லாக்கர் வயதாக ஆக மஞ்சளாகும், இறுகி நொறுங்கும் தன்மை பெறும், மரம் விரிந்து சுருங்கும்போது மயிரிழை வெடிப்புகள் விடும். இவை நோய் அல்ல. கருவி இதனால் கெடுவதுமில்லை. பளபளப்புக்காக இதை உரிப்பவர் ஒருமுறைதான் உரிக்க முடியும்.

உடைமையாளரின் ஆசைகள் நுழையும் இடம் இதற்கு அடுத்தது: பிக்கப்பை மாற்றலாமா, வேறு உதிரிபாகம் பூட்ட நாலு துளை போடலாமா? மாற்றத்தை ஆதரிப்பவர்களிடம் வலுவான உதாரணங்கள் உண்டு. எடி காக்ரன் தன் 6120இன் கழுத்துப் பக்க பிக்கப்பைக் கழற்றிவிட்டு கிப்சனின் பி-90ஐ வைத்துக்கொண்டார். ஜான் லெனன் 1968இல் தன் எபிஃபோன் கேசினோவின் சன்பர்ஸ்ட் பூச்சைச் சுரண்டி வெறும் மரமாக்கினார். 1969 ஜனவரியில் பீட்டில்ஸின் லண்டன் மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் கையில் இருந்தது அதுதான். பிற்பாடு அந்தந்த நிறுவனங்களே இந்த மாற்றங்களை அப்படியே நகலெடுத்து மாடல்களாக விற்றன. ஆனால் இந்த வாதத்தில் ஓட்டை இருக்கிறது. காக்ரனுக்கும் லெனனுக்கும் அவை பழம்பொருட்கள் அல்ல. சில வருடமே ஆன, கடையில் மறுபடி கிடைக்கக்கூடிய தொழில்கருவிகள். அறுபதைத் தாண்டிய ஒரு 6120இல் போடும் துளைக்கு மாற்று கிடையாது. அதே ஒலி வேண்டுமென்றால் அந்த நகல் மாடலையே வாங்கிக்கொள்ளலாமே!

இந்தத் தொழிலின் பெரிய பலவீனமாக நான் நினைப்பது கைத்திறனின் உச்சத்தில்தான் ஒளிந்திருக்கிறது. புதிய பட்டைக்கு மஞ்சளேற்றி, புதிய லாக்கரில் செயற்கையாக வெடிப்பு வரவழைத்து, மாற்றியதே தெரியாதபடி முடிக்கிறார்கள். கண்ணுக்கு இதம், அடுத்து வாங்குகிறவருக்கு வலை. புற ஊதா விளக்கில் பழைய லாக்கரும் புதிய பூச்சும் வேறுவேறாகத் தெரியும் என்றாலும், வாங்குகிற எல்லாரும் விளக்கோடு வருவதில்லை. வெளியே நிறம் சேரட்டும், தப்பில்லை. எஃப் துளை வழியே பார்த்தால் தெரிகிற இடத்தில் என்ன மாற்றப்பட்டது, எப்போது, எந்தப் பசையால் என்று ஒரு சீட்டு ஒட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அதை ஒட்ட மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். கழற்றிய பிக்கப், வயரிங், திருகாணி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக் கருவியோடு பெட்டியிலேயே வையுங்கள். உளுத்த பைண்டிங்கை மட்டும் அதில் வைக்க வேண்டாம். அதன் ஆவி மற்றதையும் தின்றுவிடும்.